ஏர் பிஸ்டலை உங்கள் கைக்குப் பொருத்துவது: எதை முதலில் தொட வேண்டும், எதைக் கடைசியில்

புது பிஸ்டல் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் வேலை, ஆலன் கீயை எடுத்து ட்ரிகரை லேசாக்குவது. எங்கள் கிளப்பில் புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பல பிஸ்டல்களை செட் செய்திருக்கிறேன். பத்தில் எட்டுப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ட்ரிகரில் விரல் எங்கே விழும் என்பதைக் கிரிப்தான் தீர்மானிக்கிறது, கிரிப் சரியா என்பதை நீங்கள் நிற்கும் விதம் தீர்மானிக்கிறது. வரிசை மாறினால் செய்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

வரிசை இதுதான்: நிற்கும் நிலை, கிரிப் (கைப்பிடி), சைட் (குறி பார்க்கக் குழலின் முன்னும் பின்னும் இருக்கும் பாகங்கள்), ட்ரிகர், எடை, பெல்லட் (ஈயக் குண்டு).

இது 10 மீட்டர் போட்டிக்கான, காற்று சிலிண்டர் உள்ள 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலுக்கான வழிகாட்டி. ஸ்டெயர், மொரினி, வால்தர், பார்டினி, ஃபைன்வெர்க்பாவ் என்று எதை வைத்திருந்தாலும் தத்துவம் ஒன்றே, ஸ்க்ரூ இருக்கும் இடம்தான் மாறும், அதனால் உங்கள் பிஸ்டலின் மேன்யுவலைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். லைசன்ஸ் தேவைப்படும் .22 பிஸ்டல்களுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றில் கை வைக்க வேண்டியவர் உரிமம் பெற்ற ஆர்மரர், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவர்.

1. ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன்

சிலிண்டரைக் கழற்றுங்கள். அப்புறம் குழலுக்குள் பெல்லட் இல்லை என்று கண்ணால் பாருங்கள். பிறகு குழலின் முழு நீளத்துக்கும் போகும் பாதுகாப்புக் கயிறு, அந்தப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் கயிறு, அதை உள்ளே விடுங்கள். கழற்றிய பின்னும் உள்ளே ஒரு ஷாட்டுக்கான காற்று மிச்சமிருக்கலாம் என்பதால், சிலிண்டர் இல்லைதானே என்று யாரையும் நோக்கித் திருப்ப வேண்டாம். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

தேவையான சாமான்கள்: மேன்யுவலில் சொன்ன அளவு ஆலன் கீ (தேய்ந்த கீ ஸ்க்ரூவின் தலையைத் தின்றுவிடும்), அரைவட்ட மர அரம், 80, 120, 240 நம்பர் உப்புத்தாள், எம்-சீல், பென்சில், சாக்பீஸ், மெல்லிய ரப்பர் கையுறை, மூக்குக்கு மாஸ்க். அப்புறம் ஓர் அரைக் கிலோ எடைக்கல். அது எதற்கு என்று ட்ரிகர் பகுதியில் சொல்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு நோட்டுப் புத்தகம். எதைத் தொடுவதற்கு முன்னும் பிஸ்டலை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஒரு ஸ்க்ரூவைத் திருப்பும் முன், அது முழுக்க இறுகும் வரை எத்தனை சுற்று போகிறது என்று மெதுவாக எண்ணி எழுதிவிட்டு, அதே எண்ணிக்கையில் திரும்ப வாருங்கள். உங்கள் தொடக்கப் புள்ளி அதுதான். அதை எழுதாமல் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து “பழையபடி ஆக்கிக் கொடுங்கள்” என்று வந்தவர்களுக்கு என்னால் பெரிதாக உதவ முடிந்ததில்லை, பழையபடி என்பது எது என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

2. எந்த அளவைத் தாண்டக் கூடாது

ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனம்) விதிப்படி ட்ரிகரை இழுக்கத் தேவைப்படும் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும். பிஸ்டலின் மொத்த எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. முழு பிஸ்டலும் 420 மி.மீ. நீளம், 200 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலம் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். திறந்த சைட் மட்டுமே, லென்ஸோ லேசரோ கூடாது.

நீளமும் உயரமும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. சிக்கல் அந்த 50 மி.மீ. அகலத்தில்தான். உள்ளங்கைப் பக்கம் எம்-சீல் அப்பி, கட்டைவிரல் பக்கமும் கொஞ்சம் அப்பினால், நமக்கே தெரியாமல் 52, 53 ஆகிவிடும். வீட்டில் எவ்வளவு சுகமாக இருந்தாலும் உபகரணச் சோதனை மேசையில் அது திரும்பி வரும், அப்போது போட்டி தொடங்க ஒரு மணி நேரம்கூட இருக்காது.

கிரிப்பின் அடியில் உள்ளங்கை உட்காரும் தட்டு, கிரிப்போடு 90 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும், மேல்நோக்கி வளைந்து கையைக் கவ்வக் கூடாது. கட்டைவிரல் மேலே தடையில்லாமல் நகர வேண்டும். கிரிப்பின் எந்தப் பகுதியும் மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. அரம் எடுக்கும் முன்பே இவற்றைத் தெரிந்துகொண்டால் பாதி மரம் மிஞ்சும்.

3. நிற்கும் நிலை: பிஸ்டலின் மேல் பழி போடும் முன்

இந்தப் பகுதியில் பிஸ்டலில் எதையும் மாற்றப் போவதில்லை. ஆனால் இதை விட்டுவிட்டு மேலே போனால், கால் செய்த தப்பைக் கிரிப்பில் அரம் போட்டுத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

டார்கெட்டைப் பார்த்து நில்லுங்கள், பெல்லட் இல்லாமல். டார்கெட்டின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்கும், வீட்டுச் சுவரில் பயிற்சி செய்தாலும் அதே உயரத்தில் ஒட்டுங்கள். கையைத் தூக்கிக் குறி வையுங்கள். கண்களை மூடி இரண்டு மூச்சு விடுங்கள். கையை இறக்கி, கண் மூடியபடியே மறுபடி தூக்கி, இப்போது கண்ணைத் திறங்கள்.

இரண்டு கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் வேண்டும். பிஸ்டல் மொத்தமாக டார்கெட்டுக்கு இடப்புறமோ வலப்புறமோ விலகியிருக்கிறதா? பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் நடுவில் நிற்கிறதா?

முதலாவது காலின் பிரச்சினை. இரண்டாவது கிரிப்பின் பிரச்சினை. புதியவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள், கோளாறெல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

பிஸ்டல் மொத்தமாக இடப்புறம் விழுந்தால், வலக்கைக்காரர் தன் பின்காலை அதே இடப்புறமாக ஓர் அங்குலம் நகர்த்த வேண்டும். உடல் முழுக்க வலப்புறம் சுழன்று கை நேராக வந்துவிடும். வலப்புறம் விழுந்தால் பின்காலையும் வலப்புறம். கையைத் தள்ளிச் சரி செய்யாதீர்கள், தோளில் ஏற்றிய இறுக்கம் இருபதாவது குண்டுக்கு மேல் தானாகவே அவிழ்ந்துவிடும். நிலை சரியாக வந்த இடத்தில், தரையில் இரண்டு பாதத்தைச் சுற்றியும் சாக்பீஸில் கோடு போடுங்கள். இனி கிரிப் வேலை முடியும் வரை அந்தக் கோட்டுக்குள்தான் நிற்க வேண்டும்.

4. கிரிப்பின் கோணம்

நிலை நேராகிவிட்டது, இருந்தும் கண்ணைத் திறந்தால் முன் சைட் பள்ளத்துக்குள் கோணலாக நிற்கிறது என்றால் இப்போதுதான் கிரிப்பைத் தொட வேண்டும். அரத்தோடு அல்ல, ஆலன் கீயோடு. நல்ல போட்டி பிஸ்டல்களில் கிரிப்பை முன்பின்னாகச் சாய்க்க வழி இருக்கும், சிலவற்றில் பக்கவாட்டிலும் திருப்பலாம்.

முன் சைட் பள்ளத்துக்கு மேலே எட்டிப் பார்த்தால், கிரிப் அளவுக்கு அதிகமாகச் சாய்ந்திருக்கிறது. கொஞ்சம் நிமிர்த்துங்கள். பள்ளத்துக்குள் மூழ்கிக் கிடந்தால் கிரிப்பைக் கொஞ்சம் சாய்த்துவிடுங்கள். ஒரு தடவைக்கு ஸ்க்ரூவின் கால் சுற்றுதான், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு பத்து முறையாவது கண் மூடித் தூக்கிப் பார்த்து, எத்தனை முறை எங்கே நின்றது என்று எழுதுங்கள். இரண்டு முறை மட்டும் பார்த்து முடிவு செய்தால் அது உங்கள் கையின் அப்போதைய மனநிலையைத்தான் சொல்லும்.

பக்கவாட்டில்: வலக்கைக்காரருக்கு முன் சைட் வலப்புறம் ஓடினால், உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிச்சதை கிரிப்பின் பின்பகுதியை இடப்புறமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். திருப்பும் வசதி இருந்தால் திருப்புங்கள். இல்லையென்றால் அந்த இடத்தில் மரத்தைக் குறைக்க வேண்டும். இடப்புறம் ஓடினால் அங்கேயே கொஞ்சம் கூட்ட வேண்டும்.

இவ்வளவுக்கும் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இரண்டு சைட்டுக்கும் நடுவே 320 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்துக்குள் முன் சைட் 1 மி.மீ. விலகினால், 10 மீட்டர் தள்ளி அது சுமார் 31 மி.மீ. ஆகும். நட்ட நடு 10 ஆக விழ வேண்டிய குண்டு 7-ல் விழும். கை முழுவதும் அதே 1 மி.மீ. ஆடினால் டார்கெட்டிலும் 1 மி.மீ.தான் விலகும். கை ஆடுவதைப் பற்றிக் கவலைப்படும் எல்லோரும் முதலில் கவலைப்பட வேண்டியது மணிக்கட்டின் கோணத்தைப் பற்றி, அதைப் பிடித்து வைப்பது கிரிப்.

5. அரமும் எம்-சீலும்

பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பகுதிக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவிடுங்கள். அவசரமாக அரம் போட்டால் போன மரம் திரும்ப வராது.

சைஸ் முதலில். எஸ், எம், எல் என்று கிரிப் வரும். கை இரண்டு சைஸுக்கு நடுவில் இருந்தால் நான் பெரியதைத்தான் எடுக்கச் சொல்வேன், செதுக்கிக் குறைப்பது அப்பிக் கூட்டுவதைவிட நீடிக்கும்.

கிரிப்பைப் பிஸ்டலிலிருந்து கழற்றிவிட்டுத்தான் அரம் போட வேண்டும். மாட்டியபடியே போட்டால் மரத்தூள் ட்ரிகருக்குள் இறங்கும், மூன்று மாதம் கழித்து “ட்ரிகர் கரகரக்கிறது” என்று வருவீர்கள்.

எங்கே குறைப்பது என்பதைக் கண்டுபிடிக்க: உள்ளங்கையிலும் விரல்களின் உட்பக்கத்திலும் சாக்பீஸ் தூளை நன்றாகத் தேயுங்கள். பிஸ்டலைப் போட்டியில் பிடிப்பது போல ஒரு நிமிடம் பிடித்து, கையைப் பிரிக்காமல் மூன்று முறை தூக்கி இறக்குங்கள். பிறகு கையை எடுத்து, கிரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கை அழுத்தும் இடத்தில் தூள் அடர்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கும், தொடாத இடம் மரநிறமாகவே இருக்கும். போன மாதம் ஒரு கல்லூரிப் பெண்ணுடைய கிரிப்பில் இதைச் செய்தோம். மோதிர விரலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரே ஒரு வெள்ளைத் திட்டு, நடுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஆறு மாதமாக அவர் பிஸ்டலை ஒற்றை விரலின் ஒரு முட்டில் தாங்கிப் பிடித்திருக்கிறார், மணிக்கட்டு வலிக்கிறது என்று வைத்தியம் பார்த்துக்கொண்டு. அந்தத் திட்டை 120 நம்பர் தாளால் கொஞ்சம் இறக்கியதும் நடுவிரல் தானாக மேலே போய் ஒட்டிக்கொண்டது.

எங்கே அழுத்தம் இருக்க வேண்டும்? நடுவிரல் ட்ரிகர் கார்டுக்கு அடியில் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். நடுவிரலும் மோதிர விரலும் பிஸ்டலை நேராகப் பின்னோக்கி உள்ளங்கைக்குள் இழுக்கும். சுண்டுவிரல் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். கட்டைவிரலுக்கு எந்த வேலையும் இல்லை, அது அழுத்தினால் குண்டு பக்கவாட்டில் போகும். ஆள்காட்டி விரல் ட்ரிகரைத் தவிர எதையும் தொடக் கூடாது. விரலின் பக்கவாட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தபால் அட்டை தாராளமாகப் போய்வர வேண்டும். பலருக்கும் மரம் குறைக்க வேண்டிய முதல் இடம் இதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் விரல் மரத்தில் உரசிக்கொண்டே பின்னால் வந்தால் ட்ரிகரோடு சேர்த்து பிஸ்டலையும் தள்ளும்.

குறைக்கும்போது அரத்தை ஐந்தாறு இழுப்பு, பிறகு கிரிப்பை மாட்டி, மறுபடி சாக்பீஸ். வெள்ளைத் திட்டு பரவிப் பெரிதாகும் வரை இப்படியே.

கூட்டும் வேலைக்கு எம்-சீல். ஒட்ட வேண்டிய இடத்தை 80 நம்பர் தாளால் சொரசொரப்பாக்கி, தூசியைத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் காய வையுங்கள். இரண்டு பாகத்தையும் சம அளவில் எடுத்து, நிறம் ஒன்றாகும் வரை பிசைந்து, மெல்லிய தட்டாக அப்புங்கள். கையுறையை மாட்டி, அதன்மேல் தண்ணீர் தொட்டுக்கொண்டு, பிஸ்டலைப் போட்டியில் பிடிப்பது போலவே பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் எம்-சீலில் இறுகிய கைதான் பதியும், அப்புறம் தளர்ந்த கைக்கு அது ஒருபோதும் பொருந்தாது. ஒரு நிமிடம் பிடித்துவிட்டு மெதுவாக எடுங்கள். ஓர் இரவு காய விடுங்கள். மறுநாள் 120 நம்பர் தாளால் விளிம்பை மட்டும் மழுக்குங்கள்.

மேற்பரப்பைக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக்க வேண்டாம், வார்னிஷும் அடிக்க வேண்டாம். சென்னை வியர்வையில் வார்னிஷ் அடித்த கிரிப் சோப்புக்கட்டி போல வழுக்கும். விளிம்புகளுக்கு மட்டும் 240, கை அழுத்தும் இடம் கொஞ்சம் சொரசொரப்பாகவே இருக்கட்டும்.

கடைசியாக, அடியில் இருக்கும் உள்ளங்கைத் தட்டு. இதைக் கையைக் கவ்வும் அளவுக்கு மேலே ஏற்றுவது பரவலான தவறு. ஐந்து குண்டுக்குச் சுகமாக இருக்கும், நாற்பதாவது குண்டில் கை வீங்கி மரத்துப் போகும். கொஞ்ச நேரம் சுட்டு, கை சூடேறிய பிறகுதான் இதன் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டும், தொட்டும் தொடாமலும் நிற்கும் உயரமே போதும்.

அகலத்தை அளந்துவிட்டீர்களா? 50 மி.மீ.

6. சைட்

கிரிப் வேலை முடிந்து ஒரு வாரமாவது சுட்ட பிறகு சைட்டுக்கு வாருங்கள். கை இன்னும் புதிய கிரிப்புக்குப் பழகிக்கொண்டிருக்கும்போது சைட்டைத் திருப்பினால், பழகி முடித்ததும் மறுபடி திருப்ப வேண்டும்.

முதலில் பள்ளத்தின் அகலம். முன் சைட்டின் இரண்டு பக்கமும் தெரியும் வெள்ளைக் கோடுகளைப் பாருங்கள். கோடு மிகவும் மெல்லியதாக இருந்தால் கண் அதைத் தேடித் தேடிச் சோர்ந்துவிடும், அகலமாக இருந்தால் நடுவில் நிற்கிறதா என்று தெரியாது. ஒவ்வொரு பக்கமும் முன் சைட்டின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை வெள்ளை தெரிகிற மாதிரி தொடங்குங்கள். வயது நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வெள்ளை உதவும்.

எங்கே குறி வைப்பது? டார்கெட்டின் கறுப்பு வட்டம் 59.5 மி.மீ. அதன் நடுவில் குறி வைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை, ஆனால் கறுப்பு சைட் கறுப்பு வட்டத்துக்குள் கரைந்துவிடும். வட்டத்துக்குக் கீழே இருக்கும் வெள்ளைப் பகுதியில் முன் சைட்டின் தலையை நிறுத்தி, குண்டு மேலே நடுவில் விழுகிற மாதிரி பின் சைட்டைத் திருப்பிக்கொள்ளுங்கள். வட்டத்தின் அடியை உரசுகிற மாதிரி அல்ல, நன்றாகக் கீழே. உரசுகிற மாதிரி வைத்தால் கண் தானாக டார்கெட்டுக்குத் தாவும், கண் இருக்க வேண்டியது முன் சைட்டில்.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் ஒரு குழப்பம் உண்டு. பல ஜெர்மன் சைட்டுகளில் இருக்கும் எழுத்து, குண்டு போக வேண்டிய திசையைச் சொல்வதில்லை, குண்டு போன திசையைச் சொல்கிறது. அதாவது எச் (H) என்றால் குண்டு மேலே விழுந்தால் இந்தப் பக்கம் திருப்பு என்று அர்த்தம். நம்பிவிடாமல் உங்கள் பிஸ்டலில் சோதியுங்கள்: ஐந்து குண்டு சுட்டு, பத்து கிளிக் ஒரே பக்கம் திருப்பி, மறுபடி ஐந்து சுட்டு, எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரு கிளிக்குக்கு எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் போட்டியின் சைட்டிங் நேரத்தில் (கணக்கில் சேராத சோதனைக் குண்டுகளுக்கான நேரம்) பதற வேண்டியதில்லை.

ஒரு குண்டைப் பார்த்து சைட்டைத் திருப்பாதீர்கள். ஐந்து குண்டின் நடுவைப் பார்த்துத் திருப்புங்கள்.

7. ட்ரிகர்: இப்போதுதான்

உள்ளே ஒரு வரிசை இருக்கிறது, அதையும் மாற்றக் கூடாது: இடம், முதல் ஸ்டேஜ் (விரலுக்குத் தடை தட்டுப்படும் வரையிலான இழுப்பு), இரண்டாம் ஸ்டேஜ் (அங்கிருந்து குண்டு கிளம்பும் வரை), ஸ்டாப்.

இடம் என்றால் ட்ரிகர் நாக்கு முன்னே பின்னே எங்கே நிற்கிறது, எந்தக் கோணத்தில் என்பது. ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் இருக்கும் சதையின் நடுப்பகுதி நாக்கின் நடுவில் விழ வேண்டும், இரண்டாவது மூட்டு ஏறத்தாழ 90 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். நுனி விரலால் தொட்டால் குண்டு ஒரு பக்கம் தள்ளப்படும், மூட்டு மடிப்பால் தொட்டால் இன்னொரு பக்கம் இழுக்கப்படும். எடையை அளக்கும் முன் இதை முடித்துவிட வேண்டும், ஏனென்றால் விரல் நாக்கின் எந்த உயரத்தில் அழுத்துகிறது என்பதைப் பொறுத்து உணரும் எடையே மாறும், நெம்புகோல்தானே அது.

பிறகு எடை. மொத்தம் 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்றால், அதில் எவ்வளவை முதல் ஸ்டேஜில் வைப்பது என்பதே கேள்வி. புதியவர்களுக்கு நான் முதல் ஸ்டேஜில் 350-லிருந்து 400 கிராம் வரை வைக்கிறேன், மிச்சம் 120-லிருந்து 150 வரை இரண்டாவதில், கூட்டினால் 500-க்குக் குறையாமல். கை மேலிருந்து இறங்கி வரும்போதே விரல் முதல் ஸ்டேஜை எடுத்துக்கொண்டு அந்தச் சுவரில் போய் நிற்கும். அங்கிருந்து குண்டு கிளம்பக் கொஞ்சம் அழுத்தம் கூடினால் போதும். முதல் ஸ்டேஜை லேசாக்கி இரண்டாவதைக் கனமாக வைத்தால், சைட் சரியாக நிற்கும் அந்த நொடியில் விரல் பெரிய வேலை செய்ய வேண்டியிருக்கும், அங்கேதான் வெடுக்கென்று இழுக்கிறோம். இரண்டாவதை மிகவும் லேசாக்கினால் சுவர் இருப்பதே தெரியாமல் குண்டு போய்விடும்.

இப்போது அந்த அரைக் கிலோ எடைக்கல். மளிகைக் கடைக் கல்லில் கம்பி கட்டி ஒரு கொக்கி செய்யுங்கள். கல்லும் கம்பியும் சேர்த்து எவ்வளவு என்று டிஜிட்டல் தராசில் நிறுத்து, 510-லிருந்து 520 கிராமுக்குள் கொண்டுவாருங்கள். பெல்லட் போடாமல், காற்று ஏற்றி காக் செய்து, குழலைச் செங்குத்தாக மேலே பிடித்து, நாக்கின் நடுவில் கொக்கியை மாட்டி, மேசையிலிருந்து மெதுவாகத் தூக்குங்கள். ட்ரிகர் விழாமல் கல் மேசையை விட்டு எழ வேண்டும். ஒரு முறை எழுந்தால் போதாது. நான் இருபது முறை தூக்குகிறேன், ஒரு முறை விழுந்தாலும் ஸ்க்ரூவை இறுக்குகிறேன்.

சரியாக 500 கிராமில் ஏன் வைக்கக் கூடாது? பல வருடம் முன்பு ஒரு மாவட்டப் போட்டிக்கு நானே அப்படி வைத்துப் போனேன். காலையில் சோதனையில் தேறியது. அறுபது குண்டு சுட்டு முடித்தபின் மறுசோதனைக்குக் கூப்பிட்டார்கள், கல் எழும்பும் முன்பே ட்ரிகர் விழுந்துவிட்டது. ஸ்கோர் முழுவதும் போனது. காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் நடுவில் ஸ்ப்ரிங்கும் ஸ்க்ரூவும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, அந்த 15 கிராமைக் கையால் உணரவும் முடியாது. அன்றைய ஸ்கோர்தான் நான் அதுவரை சுட்டதிலேயே நல்லது.

கொக்கியை நாக்கின் மேல் பகுதியில் மாட்டினால் கல் சுலபமாக எழுந்துவிடும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதிகாரிகள் நடுவில்தான் மாட்டுவார்கள்.

கடைசியாக ஸ்டாப். குண்டு கிளம்பிய பிறகு நாக்கு எவ்வளவு தூரம் பின்னால் போகலாம் என்பதை இது தீர்மானிக்கும். அடியோடு இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று இறுக்குகிறவர்களுக்குச் சில குண்டுகள் கிளம்பாமலே நின்றுவிடும். கிளம்பாத இடம் வரை இறுக்கி, அங்கிருந்து அரைச் சுற்று தளர்த்துங்கள்.

செய்யவே கூடாதவை: உள்ளே ஸ்ப்ரிங்கை வெட்டுவது, சியரை (ட்ரிகர் இழுக்கும் வரை சுடும் பொறியைப் பிடித்து வைக்கும் கொக்கி) உப்புத்தாளால் பாலிஷ் செய்வது. போட்டி பிஸ்டலில் எல்லாவற்றுக்கும் ஸ்க்ரூ கொடுத்திருக்கிறார்கள். பாலிஷ் செய்த சியர் ஒரு நாள் தொடாமலே விழும், அது மேசையில் விழுமா யாரையாவது பார்த்து விழுமா என்று சொல்ல முடியாது.

8. எடை

குழலுக்கு அடியில் மாட்டும் சிறு எடைகள் முன்பக்கத்தை நிதானமாக்கும். ஆனால் முதல் ஆறு மாதம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். 75 நிமிடத்தில் 60 குண்டு, அதற்கு முன் சைட்டிங் 15 நிமிடம், புஜம் அதற்கே தயாராகியிருக்காது. பிறகு ஒவ்வொன்றாக மாட்டி, கடைசிப் பத்துக் குண்டு எப்படிப் போகிறது என்று மட்டும் பாருங்கள். முதல் பத்து எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

9. பெல்லட்டும் காற்றும்

பெல்லட்டின் தலை அளவு 4.49, 4.50 என்று டப்பாவில் இருக்கும். பிஸ்டலை மணல் மூட்டையில் நன்றாகத் தாங்க வைத்து, ஒவ்வொரு வகையிலும் ஐந்தைந்தாக நான்கு கூட்டம் சுட்டு, எது இறுக்கமாக விழுகிறது என்று பாருங்கள். நல்ல பெல்லட் என்றால் ஐந்தும் ஒட்டி ஒரே துளையாகி, 11.5 மி.மீ. 10 வளையத்துக்குள் அடங்கும். கிடைத்ததும் அதே பேட்ச்சில் சில டப்பாக்களை வாங்கி வையுங்கள். ஆனால் 600-க்கு 540-க்குக் கீழே சுடும் வரை இதில் பணத்தையும் தூக்கத்தையும் கொட்ட வேண்டாம், உங்கள் கை ஆட்டம் பெல்லட்டின் வித்தியாசத்தைவிடப் பல மடங்கு பெரிது. பெல்லட் ஈயம், சுட்டு முடித்துக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்காதீர்கள்.

வேகத்தை மாற்றும் ஸ்க்ரூவையும் ரெகுலேட்டரையும் தொடாதீர்கள். காற்று 200 பார் வரை, மெதுவாக நிரப்புங்கள். கடற்கரை ஊர்களில் கைப்பம்பு பயன்படுத்தினால் ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் கட்டாயம் வேண்டும். நிரப்பும் வாயில் தேங்காய் எண்ணெய், சைக்கிள் எண்ணெய் என்று எதையும் விடக் கூடாது. அழுத்தமான காற்றும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். மேன்யுவலில் சொன்ன கிரீஸ் மட்டும். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள், 10 வருடம் கடந்த சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், வீட்டிலும் நீங்கள் அனுமதிக்கக் கூடாது.

10. கையைக் கட்டிக்கொள்ள வேண்டிய இரண்டு வாரம்

எல்லாம் முடிந்ததா? ஸ்க்ரூ ஒவ்வொன்றின் தலையிலும் நெயில் பாலிஷால் ஒரு சிறு கோடு இழுத்து, அந்தக் கோடு பக்கத்து உலோகத்துக்கும் நீளுகிற மாதிரி விடுங்கள். ஸ்க்ரூ நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். பிறகு ஆலன் கீயை வீட்டில் வைத்துவிட்டு இரண்டு வாரம் ரேஞ்சுக்குப் போங்கள்.

முதல் மூன்று நாள் ஸ்கோர் இறங்கும். பழைய கிரிப்பின் தப்புக்குப் பழகிய கை, புதிய சரியை ஏற்க அவகாசம் கேட்கும். இங்கேதான் பலர் பயந்து மறுபடி எல்லாவற்றையும் திருப்புகிறார்கள். டார்கெட் இல்லாத வெறும் வெள்ளைத் தாளைப் பார்த்து தினம் முப்பது குண்டு சுடுங்கள், முன் சைட் பள்ளத்தில் நடுவே நிற்கிறதா என்பதை மட்டும் பார்த்து. வெள்ளைத் தாளில் கூட்டம் சுருங்கத் தொடங்கினால் ஸ்கோர் பின்னாலேயே வரும்.

அப்போதும் ஏதாவது உறுத்தினால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். தேதி போட்டு எழுதுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக் கிரிப் ஈரத்தில் கொஞ்சம் ஊதும், அகலத்தை மறுபடி அளந்து பாருங்கள். பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு கிடக்கட்டும்.

11. போட்டிப் பையில்

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டலின் லீவர் உடைந்தது. சரி செய்து திரும்பி வருவதற்குள் பல நிமிடங்கள் போய், மிச்ச நேரத்தில் அவசரமாகச் சுட வேண்டியதாயிற்று. 575 எடுத்து, இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். 2024 பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒலிம்பிக்கிலேயே நடக்கிறது என்றால் மாவட்டப் போட்டியில் நடக்காது என்று நினைக்க முடியாது.

அதனால் பையில்: உங்கள் பிஸ்டலுக்கான ஓ-ரிங் ஒரு செட், நிரப்பிய இரண்டாவது சிலிண்டர், எலக்ட்ரானிக் ட்ரிகர் என்றால் புது பேட்டரி இரண்டு, ஆலன் கீ முழு செட், பாதுகாப்புக் கயிறு இரண்டு, எடைக்கல், நோட்டுப் புத்தகம், ஒரு துண்டு உப்புத்தாள். ஒரு வேளை இரவல் பிஸ்டலில் சுட நேர்ந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். அப்போது கிரிப்பை விட்டுவிடுங்கள், அது உங்களுடையது அல்ல. பின்காலை நகர்த்தி நிலையைச் சரி செய்து, சைட்டை ஐந்து குண்டில் கொண்டுவந்து, ட்ரிகரைத் தொடாமல் சுடுங்கள்.